வெம்பக்கோட்டையில் கிளம்பாத காரும் பாண்டீஸ்வரி தவறவிட்ட பஸ்ஸும்

மழை ஓய்ந்த மார்கழியில் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி சுமதி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவருக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு உண்டு. வீடு பூட்டித்தான் கிடக்கிறது, போய்த் தங்கிவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவும், அரையாண்டு விடுமுறையில் ஈரோட்டிலிருந்து கிளம்பினோம். அணையைப் பற்றியும் அந்த வட்டாரத்துச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் பதிவில் பாதி காரைப் பற்றியதாக ஆகிவிட்டது. பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு இப்படிப் பயணம் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சிவகாசி வழியாக வெம்பக்கோட்டைக்கு முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். சிவகாசி வரை சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். கார் கிளம்பியதோ ஆறு மணிக்குத்தான்.

அதற்கு அப்படி ஒரு நோய் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. ராத்திரி முழுக்க நின்று இன்ஜின் ஆறிவிட்டால் காலையில் பிடிக்காது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகவே சுற்றும். இன்ஜின் மட்டும் இருமிவிட்டு அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு தடவை போராடினால் ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாள் முழுக்க எங்கே நிறுத்தினாலும் சாவியைத் தொட்டதும் ஓடும். ஈரோட்டில் காட்டியபோது பேட்டரியை மாற்றினார்கள். எதுவும் மாறவில்லை. எப்படியும் கடைசியில் கிளம்பிவிடுகிறதே என்று நானும் அதைப் பழகிக்கொண்டேன். வேட்டி நுனியில் இருக்கும் கறையைப் பழகிக்கொள்வதில்லையா, அப்படித்தான்.

விருதுநகரில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு இருநூற்று நாற்பது ரூபாய். அங்கே சாப்பிடாமல் போகாதீர்கள். பரோட்டா நொறுங்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். சிவகாசியில் ஒரு பட்டறை கண்ணில் படவே, எதற்கும் இருக்கட்டும் என்று காரைக் காட்டினேன். ஐந்து மணி நேரம் ஓடிய வண்டி. மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அவர் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துத் துடைத்து மாட்டிவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

வீட்டுச் சாவி பாண்டீஸ்வரியிடம் இருந்தது. பக்கத்து வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டாசு ஆலையில் வேலை. கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். எட்டாவது படிக்கும் மகள் வீட்டில் இருந்தாள். எங்களுக்குச் சமைத்துத் தருவதாக ஆசிரியை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் கருவாட்டுக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிடுங்கண்ணே, இன்னும் அம்புட்டு இருக்கு" என்றார். சுமதியை அக்கா என்றும் என்னை அண்ணே என்றும் முதல் நாளிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அணைக்குக் கிளம்ப இருபது நிமிடம் ஆனது. நான் சாவியோடு மல்லுக்கட்டுவதைப் பாண்டீஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அணையில் தண்ணீர் கரையை ஒட்டி நின்றது. நீர்க்காகங்கள் பட்ட மரங்களின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. திரும்பும் வழியில் சோளக்காடுகளுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டியிருந்த பட்டாசு ஆலை அறைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டிருந்தார்கள். ஏன் அவ்வளவு இடம் என்று சுமதி கேட்டாள். ஓர் அறை வெடித்தால் அடுத்ததுக்குத் தீ பரவாமல் இருக்கத்தான் என்று சிறிது நேரத்தில் அவளே புரிந்துகொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் நேர்காணல் விஷயம் தெரிந்தது. அரசு மாணவியர் விடுதி ஒன்றில் சமையலர் வேலைக்குப் பாண்டீஸ்வரி மனுப் போட்டிருந்தார். மறுநாள் விருதுநகரை அடுத்த சூலக்கரையில் நேர்காணல். காலை ஒன்பது மணிக்குள் வந்து பெயரைப் பதிய வேண்டும். ஆலையில் சம்பளம் ஒன்றும் மோசமில்லை, ஆனால் வெடிச் சத்தம் எங்கே கேட்டாலும் மகள் வீட்டைவிட்டு ஓடிவந்து சாலையில் நிற்கிறாள் என்றார். ஆறு நாற்பது பஸ்ஸில் சிவகாசி போய், அங்கிருந்து விருதுநகர் பஸ் பிடித்து, மறுபடி இறங்கி ஏற வேண்டும் என்று வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்களும் மறுநாள் விருதுநகர்ப் பக்கம் போவதாகத்தான் இருந்தோம். எதற்கு மூன்று பஸ் மாற வேண்டும், எங்களோடு வாருங்கள், வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் தயங்கினார். காலையில் பார்த்ததை நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சீக்கிரமே எழுந்து வண்டியைத் தயாராக வைத்துவிடுவேன் என்று நான் வற்புறுத்தினேன். சரிண்ணே என்றார்.

ஆறேகாலுக்கு அவர் வந்துவிட்டார். அரக்கு நிறப் புடவை, தலையில் பூ, கையில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் பை. நான் அதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கியிருந்தது. அந்த ஊரில் குளிர் என்று சொல்லும்படி எதுவுமில்லை, ஆனால் இன்ஜினுக்கு அது போதும். சுற்றியது, இருமியது, நின்றது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம்தான் என்றே பட்டது.

ஆறு நாற்பது பஸ் கொஞ்சம் தாமதமாகவே வந்தது. வீட்டிலிருந்து பார்த்தால் சாலை தெரியும். தொலைவில் விளக்கு தெரிந்ததும் பாண்டீஸ்வரி இரண்டடி எடுத்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே நேரத்தில் இன்ஜின் நாலைந்து முறை தடதடவென்று ஓடியது. "பிடிச்சிருச்சு, ஏறுங்க" என்றேன் நான். அவர் நின்றார். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லாததால் வேகம் குறையாமல் போய்விட்டது. அதன் பின்விளக்கு மறையுமுன் இன்ஜினும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மோட்டார் சுற்றும் வேகமும் குறைந்தது. திரும்பத் திரும்பச் சுற்றியதில் புதுப் பேட்டரியும் தீர்ந்துபோனது. ஆலை வேன்கள் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. பைக் வைத்திருந்தவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாண்டீஸ்வரி தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போன் போட்டார். அவர் சாத்தூரில் சவாரியில் இருந்தார். அடுத்த பஸ் எட்டரைக்குத்தான். பாண்டீஸ்வரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரை நிறுத்தித் தள்ளச் சொன்னேன். சுமதியும் தள்ளினாள். நல்ல புடவையோடு பாண்டீஸ்வரியும் தள்ள வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாவது கியரில் போட்டு, மூன்றாம் முறை தள்ளியபோது பிடித்தது. மணி எட்டு பத்து. அங்கிருந்து சூலக்கரைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. சிவகாசிக்குள் ஆலை வேன்களும் லோடு வண்டிகளும் டவுன் பஸ்களும் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. பின்சீட்டில் அவர் முந்தானையால் கையில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் ஓடினார். நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். பெயர் பதிவதை ஒன்பதுக்கே முடித்துவிட்டார்களாம். அங்கிருந்த அலுவலர் இவருக்காக உள்ளே போய்க் கேட்டும் பார்த்திருக்கிறார். வந்தவர்களே நிறையப் பேர், ஒருவருக்குத் திறந்துவிட்டால் எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நியாயமான பதில்தான். நான் உள்ளே போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீங்க பேசுனா மட்டும் மணி திரும்பியா வரும்?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"பஸ்லயே போயிக்கிறேன் சார். நீங்க உங்க சோலியப் பாருங்க."

சார் என்றார். சுமதி அவரோடு நிறுத்தம் வரை நடந்து போனாள். நான் காரருகிலேயே நின்றுவிட்டேன். கூடப் போயிருக்கலாம்.

அன்று விருதுநகரில் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. மிளகாய் மண்டிகள் இருக்கும் தெருவைத் தாண்டி ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். சூடாக இருக்கும் வண்டியில் அந்த நோயைத் தேடிப் பயனில்லை என்றும், காரை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படியும், காலையில் யாரும் சாவி போடுவதற்கு முன் பார்ப்பதாகவும் சொன்னார். பக்கத்தில் விடுதி அறை ஆயிரத்து நூறு ரூபாய்.

காலை ஏழு மணிக்கு மெக்கானிக் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினைச் சுற்றாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பினார். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின் தொட்டால் சில்லென்று இருந்தது. திரையிலோ இன்ஜினின் வெப்பம் எண்பத்தெட்டு டிகிரி என்று காட்டியது. இன்ஜினின் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் பழுதாகி, எப்போதும் சூடாகவே இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறிய இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர் அதைத் தரவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, அவர் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை நம்பாதாம். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் இரண்டாம் சுற்றில் ஓடியது. புதுச் சென்சாரும் கூலியும் சேர்த்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். விரல் நீளம்கூட இல்லாத பொருள். மாற்ற அரை மணி நேரம்.

இதே தொல்லை உங்களுக்கும் இருந்தால் முதலில் மோட்டார் சுற்றும் சத்தத்தைக் கவனியுங்கள். மந்தமாகச் சுற்றினால் பேட்டரியோ அதன் இணைப்புகளோ காரணமாக இருக்கலாம். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலையோ பிளக்கையோ சென்சாரையோ பார்க்க வேண்டும். சாவியை 'ஆன்' நிலைக்கு இரண்டு மூன்று முறை கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் சில வினாடி பொறுத்து, பிறகு திருப்பிப் பாருங்கள். அப்படிச் செய்தால் பிடிக்கிறது என்றால், பெட்ரோல் பம்பு ராத்திரியில் அழுத்தத்தைத் தக்கவைக்கவில்லை என்று பொருள். விடாமல் சுற்றிப் பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆறிப்போன வண்டியைக் காட்டுங்கள். நான் ஈரோட்டிலும் சிவகாசியிலும் ஓட்டிக்கொண்டுபோன சூட்டோடுதான் காட்டினேன்.

அணைக்குப் போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போங்கள், வெயில் ஏறுமுன் போனால் பறவைகளைப் பார்க்கலாம். அங்கே கடைகள் குறைவு. தண்ணீரும் சாப்பாடும் சிவகாசியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்களும் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் போகலாம். உங்கள் வண்டிமேல் உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லாத நாளில், அவசர வேலையாகப் போகிறவரை ஏற்றிக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் என்றாலும், அதை நம்பி அவர் தன் பஸ்ஸை விட்டுவிடுவார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாண்டீஸ்வரி எட்டே முக்காலுக்கெல்லாம் சூலக்கரையில் இருந்திருப்பார். வேலை கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். அவரும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஈரோடு திரும்பி மூன்று வாரம் கழித்துச் சுமதி அவருக்குப் போன் செய்தாள். ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாராம். அந்த வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள், மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றிருக்கிறார். நானும் பேச வேண்டும் என்று போனை வாங்கினேன். மன்னிப்புக் கேட்டேன். பின்னால் ஆலை வேனின் இரைச்சல் கேட்டது. விடுங்க சார் என்றார். பிறகு, மகளுக்குத் துணைக்கு ஆளில்லாத நாளில் அவளைப் பக்கத்திலிருக்கும் ஆசிரியை வீட்டில் இருக்கச் சொல்லலாமா, அந்த வாசலில் நின்றாலே சாலை தெரியும், நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

கேட்டுச் சொன்னேன். ஆசிரியை சம்மதித்துவிட்டார். சத்தம் கேட்டால் சாலைக்கு ஓடாமல் நின்று பார்க்க அந்தப் பெண்ணுக்கு இப்போது அந்த வாசல் இருக்கிறது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.