சேந்தமங்கலம் சந்தையில் மூத்தவள் வழக்கு

1938-ஆம் வருஷம். கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலம் சந்தை கூடியிருக்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் உபதேசி நான். கத்தரிக்காய்க் குவியல்களுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "கடவுள் முன்பு மணந்த யூத ஜனத்தைத் தள்ளிவிட்டு, திருச்சபையை மணவாட்டியாக ஏற்றுக்கொண்டார்" என்கிறேன்.

கத்தரிக்காய் விற்கும் அம்மாள் தராசைக் கீழே வைக்கிறார்.

"ஏனுங்க சாமி, மூத்தவ உசுரோட இருக்கறாளுங்களா?"

"இருக்கிறாள் அம்மா."

"அப்ப அத்துவுட்டதுக்குச் சாட்சி ஆருங்க? தாலியத் திருப்பி வாங்கியாச்சுங்களா?"

கூட்டம் வியாபாரத்தை விட்டுப் பஞ்சாயத்தாக உட்கார்ந்துவிடுகிறது. வெற்றிலை வியாபாரி ஒருவர் தலைமை ஏற்கிறார். ஆதாரம் தேடி வேதப்புத்தகத்தைப் புரட்டினால், ரோமருக்கு எழுதிய நிருபம்தான் அகப்படுகிறது. கடவுள் தம் யூத ஜனத்தைத் தள்ளவே இல்லை என்கிறார் அதை எழுதிய பவுல். இருபது வருஷப் பிரசங்கத்தில் அந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டியே வந்திருக்கிறேன். இன்று பொய் சொல்ல வாய் வரவில்லை. உரக்க வாசித்துவிடுகிறேன்.

"அப்ப மூத்தவ ஊடு மூத்தவளுக்குத்தானுங்க. எளையவ அனுசரிச்சு இருந்துக்கோணும்" என்று வெற்றிலை வியாபாரி தீர்ப்புச் சொல்கிறார். உலகத் திருச்சபையின் சார்பில் நான் தலையாட்டுகிறேன்.

பெட்டியை விட்டு இறங்கும்போது அம்மாள் மெதுவாகக் கேட்கிறார்.

"மூத்தவ இப்ப எங்கீங்க சாமி இருக்கறா?"

ஜெர்மனி தேசத்தில் யூதர்களை வீடுகளிலிருந்து விரட்டுவதாகப் பத்திரிகையில் படித்ததைச் சொல்கிறேன்.

"அடப் பாவமே! வெரட்டறது ஆருங்க?"

"இளையவளின் பிள்ளைகள்தான் அம்மா."