கறுப்பு உடுப்புக்காரரும் என் கலியாணப் பேச்சும்

பேப்பர் கடையில் வேலை செய்பவன் ஊர் சுற்றத் தேவையில்லை, உலகத்தில் உள்ள அத்தனை விசித்திரமும் அவன் கல்லாவுக்கு முன்னால் தானாகவே வந்து நிற்கும். கல்லாவுக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன என் இனசனமே, உங்களுக்குத் தெரியாததல்ல. தொண்ணூறுகளின் நடுவில் நான் லண்டன் டூட்டிங்கில் குடியிருந்து, கம்டனில் சிவபாதம் அண்ணையின் கடையில் வேலை பார்த்தேன். முப்பத்துநாலு வயது. மூன்று சம்பந்தம் பேசி, மூன்றும் கைநழுவிப் போயிருந்தன.

ஒன்று கேட்டால் ஒரு பெட்டி

முகம் முழுக்க வெள்ளைப் பவுடர், உதட்டில் கறுப்புச் சாயம், கணுக்கால் வரை கறுப்புச் சட்டை. இப்படி ஒரு பெண் வந்து, ஒரு ஜேர்மன் சஞ்சிகையை எடுத்துத்தர முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டாள். கோத் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, சோகப் பாட்டும் கறுப்பு உடுப்பும்தான் அவர்களுக்கு உயிர். அவர்களுடைய பாட்டுக்குழுக்களையும் உடுப்புகளையும் பற்றியது அந்தச் சஞ்சிகை. நான் ஓடர் தாளில் ஒன்று என்று எழுதினேன். எழுதிய கட்டம் பிரதிகளுக்கானது அல்ல, பெட்டிகளுக்கானது. இருபத்துநாலு வந்து இறங்கியது.

சிவபாதம் அண்ணை அட்டையைப் பார்த்தார். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒருவர், கழுத்து நிறைய லேஸ் கட்டிக்கொண்டு கல்லறையில் சாய்ந்திருந்தார். லேஸைக் கண்ட அண்ணை, தையல் பின்னல் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கிவிட்டார். வழக்கமாகப் பின்னல் புத்தகம் வாங்கும் எழுபது வயது வெள்ளைக்கார அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் கதவைத் திறந்தபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவரோ கழுத்தில் கட்டியிருந்த புது லேஸைத் தொட்டுக் காட்டினார். "இது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நாற்பதாம் பக்கத்துப் பையனின் கையுறைக்கு ஏன் அளவு போடவில்லை?"

கோப்பை கழுவிய ஜேர்மன்

மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டுமே என்று ஜன்னலில் ஒரு மட்டை எழுதி ஒட்டினேன். கறுப்பு உடுப்புக்காரர் வந்து குவிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒருவருக்கும் ஜேர்மன் தெரியாது, எனக்குத் தெரியும். லண்டனுக்கு வருவதற்கு முன் ஜேர்மனியில் இரண்டு வருடம் அகதியாக இருந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான். ஒருத்தி கேட்டாளே என்று ஒரு பந்தியை வாசித்துச் சொன்னேன், அதோடு மாட்டிக்கொண்டேன். புது இதழ் வருகிற முதல் சனிக்கிழமைகளில், காலை பத்து மணிக்குக் கடையில் வாசிப்பு என்றே ஆகிவிட்டது. அண்ணை லட்சுமி படத்துக்குக் காட்டும் சாம்பிராணி வேறு அவர்களுக்கு நிரம்பப் பிடித்துப்போனது.

என்னுடையது குசினி ஜேர்மன், சமையல்கட்டில் பொறுக்கியது. இசையைப் பற்றி எழுதியிருந்தால் எனக்குப் பாதிதான் விளங்கும், மீதியைக் குசினிக்குள் இருந்து எடுத்துப் போடுவேன். ஒரு பாட்டு அரைவேக்காடு என்பேன், ஒருவருடைய குரல் அடிப்பிடித்துவிட்டது என்பேன். வார நாட்களில் வங்கியிலும் சனிக்கிழமைகளில் கறுப்புக் கோட்டிலும் இருக்கும் ஒரு நெட்டையன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இவ்வளவு தெளிவான விமர்சனம் இங்கிலிஷில் வருவதே இல்லை."

சொல்லாமல் போன மனிதர்

அந்த நேரத்தில்தான் கிங்ஸ்பரியில் இருந்து நாலாவது சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் வதனி. படத்தைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது, இதுவும் தவறக்கூடாது என்று கோயில் கோயிலாக நேர்ந்தேன். தகப்பன் குலசிங்கம் ஊரில் தபாலதிபராக இருந்தவர். மாப்பிள்ளையைச் சொல்லாமல் கொள்ளாமல் வேலைத்தலத்தில் போய்ப் பார்ப்பது நம்மவர் வழக்கம் அல்லவா? அவரும் வந்தார். வந்தது ஒரு முதல் சனிக்கிழமை, நேரம் பத்தேகால்.

பன்னிரண்டு பேர் கறுப்பு உடுப்போடு தலையைக் குனிந்து நின்றார்கள். சாம்பிராணி புகைந்தது. நடுவில் நான் புத்தகத்தை விரித்து வாசித்தேன். அவர்களுக்கு உயிரான ஒரு பாட்டுக்குழு பிரிந்துவிட்டது என்று அப்போதுதான் வாசித்திருந்ததால், ஒருத்தி என் தோளில் விழுந்து விம்மினாள். குலசிங்கம் ஐயா தொப்பியைக் கழற்றிக் கைகட்டிச் சிறிது நேரம் நின்றார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார். அன்று பின்னேரம் தரகர், ஒரு மாதம் போகட்டுமாம் என்று என் அக்காவுக்குத் தகவல் சொன்னார். நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன். அக்கா தேத்தண்ணியை முன்னால் வைத்தார். "ஒரு மாதம் போகட்டும் எண்டால் வேண்டாம் எண்டுதான் அர்த்தம். நீ படத்தைத் திருப்பிக் குடு."

முப்பத்தொரு நாள்

படத்தை நான் கொடுக்கவில்லை. அடுத்த முதல் சனிக்கிழமை வாசிப்பின் நடுவே கதவு திறந்தது. குலசிங்கம் ஐயா, அவருக்குப் பின்னால் வதனி. அதே கறுப்புக் கூட்டத்தைக் கண்டதும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி, துடக்குக் கழியட்டும் எண்டு முப்பத்தொரு நாள் பாத்திருந்து வாறன். இன்னொரு ஆளும் போயிட்டாரோ?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மனிதர் அன்றைய கறுப்பு உடுப்பையும் அழுகையையும் கண்டு, எங்கள் ஆள் ஒருவருடைய செத்தவீடு என்று நினைத்திருக்கிறார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்றுதான் பேசாமல் போயிருக்கிறார், சாவுத் தீட்டான துடக்கில் நல்ல காரியம் பேசக்கூடாது என்றுதான் மாதத்தைத் தள்ளியிருக்கிறார். ஒருவரும் சாகவில்லை, ஒரு பாட்டுக்குழுதான் பிரிந்தது என்று நான் கல்லாவைத் தாண்டி ஓடி வந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. நெட்டையனை அழைத்து, எல்லாரும் உயிரோடு இருப்பதைச் சத்தியம் செய்யச் சொன்னேன். வதனி சஞ்சிகையைப் புரட்டிப் பார்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள். "கலியாணத்துக்கு இவையளையும் கூப்பிடுங்கோ. ஆனால் அங்க நீங்கள் ஒண்டும் வாசிக்கக் கூடாது."

சொந்தத்தில் ஒருவரும் சாகாமல் முப்பத்தொரு நாள் துடக்குக் காத்துக் கலியாணம் கட்டியவன், லண்டன் மாநகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.