அளந்து அளந்து வளர்த்த தழும்பு

இரண்டாவது காதுத்துளை போட்டது என் சொந்த முடிவு. தங்கையின் மகளுடைய கல்யாணத்துக்கு இரட்டைத் தோடு போட ஆசைப்பட்டேன். வயது நாற்பத்தொன்பது. "இப்பதான் உனக்குப் பதினெட்டு நடக்குதுபோல" என்றார் கணவர். கல்யாணம் நன்றாக நடந்தது. புண்ணும் பதினாறு நாளில் ஆறியது. அதன் பிறகுதான் வலது காதில் மட்டும், துளைக்குப் பின்புறம், ஒரு தடிப்புக் கிளம்பியது.

நான் கீரி என்ற கரையோர ஊர்ப் பக்கம் ஒரு நண்டு வாடியில் வேலை செய்கிறேன். படகில் வரும் நண்டுகளை வாங்கி, பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் கொட்டகை அது. ஒவ்வொரு நண்டின் ஓட்டு அகலத்தையும் இடுக்கிமானியால் அளந்து எழுதுவது என் பொறுப்பு. சிறியதும் சினை பிடித்ததும் கடலுக்குத் திரும்பும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஆகவே காதில் தடிப்பு வந்ததும் வைத்தியரிடம் போகவில்லை, அளந்தேன். நான்கு மில்லிமீற்றர். நாட்குறிப்பில் எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் அளந்தேன். வேலை முடிந்ததும் நண்டு மணம் போக எல்லோரும் தேசிக்காயை வெட்டிப் புளிச்சாற்றைக் கையில் தேய்ப்போம். மிஞ்சிய பாதியால் நான் காதையும் தேய்ப்பேன். துவாயால் அழுத்தித் துடைப்பேன். பிறகு இடுக்கிமானியின் இரு தாடைகளுக்கும் நடுவே தடிப்பைப் பிடித்து, திருகை இறுக்கி, கழற்றிக் கண்முன் வைத்து வாசிப்பேன். ஒரே அளவை நம்ப முடியாது. மூன்று முறை எடுத்துச் சராசரி காண்பேன்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்து என்னோடு வேலை செய்யும் பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நண்டையே ஒருக்காத்தான் அளக்கிறீங்கள்."

"நண்டு பெட்டிக்குள்ள போனாப் பிறகு வளராது. இது வளருது."

"அப்ப பெட்டிக்குள்ள போடுவமே. அனுப்புறதுக்கு அளவு காணும்."

சிரித்தேன். ஆனால் எண் ஒன்பதைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. இது புற்றுநோய்தான் என்று எனக்குள் முடிவு கட்டினேன். அலுமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல்கூட எழுதி வைத்தேன். அந்தப் பட்டியலைக் கண்ட கணவர், "நாளைக்கு நீ வேலைக்குப் போகேல்லை" என்று மட்டும் சொன்னார். படகு இயந்திரம் திருத்துகிறவர். ஒரு நாள் வேலையை விட்டு வருவது அவருக்குப் பெரிய காரியம். மறுநாள் என்னை மன்னாருக்குத் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

வைத்தியர் என் மகள் வயதுப் பெண். காதை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"புற்றுநோய் இல்லை அம்மா. இது கீலொயிட். புண் ஆறின தழும்பு, நிக்கத் தெரியாமல் வளருது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஏன் நிற்கத் தெரியவில்லை என்று கேட்டேன்.

"காயம் பட்டால் அந்த இடத்துத் தோலில இருக்கிற சின்னச் சின்னக் கலங்களுக்குச் செய்தி கொண்டுபோக ஒரு புரதம் இருக்கு. நாரைப் பின்னுங்கோ, ஓட்டையை அடையுங்கோ எண்டு சொல்லும். ஓட்டை அடைபட்டதும் அது ஓய வேணும். சில பேருக்கு ஓயாது."

"அப்ப அது கூடாத புரதமோ?"

"அது இல்லாட்டிப் புண்ணே ஆறாது. வயித்தில பிள்ளை வளர்றதுக்கும் அது வேணும். அடங்காமல் நிண்டால்தான் கரைச்சல். ஈரலில, சுவாசப்பையில இப்பிடி ஓயாட்டி அந்த இழையமெல்லாம் நாராகி இறுகிப்போகும். உங்களுக்குக் காதோட போச்சு."

பெயரைக் கேட்டேன். ரீஜீஎப் பீற்றா (TGF-β) என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கம் எழுதித் தந்தார்.

"வெட்டி எடுத்துவிடுங்கோ டொக்டர்."

"வெட்டினால் அதுவும் காயம்தானே. அதே செய்தி திரும்பப் போகும். பெரிசா வந்தாலும் வரும். முதல்ல ஊசி போட்டுப் பாப்பம்."

அவருக்கு உதவட்டும் என்று நாட்குறிப்பை எடுத்து நீட்டினேன். எண்பத்திரண்டு நாள், நாளுக்கு மூன்று அளவு. புரட்டிக்கொண்டு வந்தவர் 'தேசிக்காய் தேய்த்த பின்' என்று நான் எழுதியிருந்த ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஒவ்வொரு நாளும் தேசிக்காய் போட்டனீங்களோ?"

"நண்டு மணத்தோட அளக்கக் கூடாதெண்டு…"

"மணம் அளவை என்ன செய்யும் அம்மா?"

நாட்குறிப்பை மூடி என்னிடமே திருப்பித் தந்தார்.

"நசிச்சாலும் இழுத்தாலும் எரிச்சாலும், திரும்பவும் காயம் எண்டுதான் கலங்கள் நினைக்கும். முழுக்க உங்களாலதான் எண்டு சொல்ல மாட்டன். ஆனால் ஒவ்வொரு நாளும் மூண்டு தரம் செய்தி அனுப்பியிருக்கிறீங்கள்."

பக்கத்துக் கதிரையில் கணவர் முகட்டைப் பார்த்தபடி, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

நான்கு கிழமைக்கு ஒரு ஊசி. தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது, அளக்கவே கூடாது. முதல் ஊசி வலித்த வலியை எழுதலாம். ஆனால் அளக்காமல் இருந்த வலி அதைவிடப் பெரிது. எனக்குத் தெரியும், யாராவது "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி" என்று சொன்னால் போதும், கை தானாகப் போய்விடும். ஆகவே காதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று கணவருக்கு நானே கட்டளை போட்டேன். அந்த நாட்களில் முற்றத்து மாதுளம் பிஞ்சுகளை அளந்தேன்.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று வைத்தியர் நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"மெத்தெண்டு வந்திட்டுது. தட்டையாகியும் போச்சு. இண்டைக்கு ஊசி வேண்டாம். திரும்பத் தடிச்சால் உடனே வாங்கோ, எண்பது நாள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

வெளியே வந்ததும் கணவர் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு கிழமையா எனக்குத் தெரியும். பூசை முடிஞ்சு வெளியில வரேக்க வெயில்ல வடிவாக் கண்டனான். சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு."

"இப்ப சொல்லுங்கோ. எவ்வளவு இருக்குது?"

"ஒரு உளுத்தம் பருப்பளவு."

"முழுப் பருப்போ, உடைச்ச பருப்போ?"

அவர் பஸ் வெளிக்கிடப் போகுது என்று எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். பஸ் கிளம்ப இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.