என் அப்பாவிடம் கேட்டு வாங்கிய பட்டம்

எழுபதுகளின் கடைசியில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் நானும் இன்னொருவனும் பொருளாதார விரிவுரையாளர்கள். ஒரே அறை, இருவருக்கும் சேர்த்து ஒரு மேசை மின்விசிறி. இருவருமே காப்பீட்டைப் பற்றித்தான் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எங்களில் ஒருவரை இரண்டு வருடம் அழைப்பதாக இருந்தது. அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவன் நான். அவன் தறிக்காரர் வீட்டுப் பையன், ஆங்கிலம் பேசினால் திக்குவான்.

ஒரு நாள் கேட்டான்: "உங்க நாமக்கல் பக்கம் லாரி கவுந்துட்டா, இன்சூரன்ஸ் வர்ற வரைக்கும் ஓனர் என்ன பண்ணுவாரு?"

என் அப்பாவே லாரிக்காரர்தான். "மத்த வண்டிக்காரங்க ஆளுக்கொரு நடை அவருக்குன்னு ஓட்டி வாடகையைக் குடுத்துருவாங்க. எழுத்து, கையெழுத்து ஒண்ணும் கிடையாது. இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்க்கலாமா என்றான். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வழி சொல்லி அனுப்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்வந்தான். மூன்று நாளும் நான் நூலகத்தில் இருந்தேன்.

பட்டமும் அழைப்பும் அவனுக்கே வந்தன. வயிறு எரிந்தது. சிரித்துக்கொண்டே கைகொடுத்தேன். அவன் போன மறுநாள் மின்விசிறியை முழுக்க என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அவன் விட்டுச்சென்ற ஆய்வேட்டில் குற்றம் தேடினேன். இரண்டு எழுத்துப்பிழை அகப்பட்டதில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது அத்தியாயத்தில் பெயர் சொல்லாத ஒரு லாரிக்காரர் வந்தார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து நான்கு மாதம் தொழில் நின்றதாம். மற்றவர்கள் அவருக்காக ஓட்டிய நடைகளால்தான் அந்த வருடம் மகனைக் கல்லூரியில் சேர்த்தாராம், பொருளாதாரம் படிக்க.

அந்த மகன் நான். எனக்கே தெரியாது.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். "ஏனுங்கப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

அப்பா சாவகாசமாகச் சொன்னார்: "நீ எங்க சாமி கேட்ட? அந்தத் தம்பி ஊட்டுக்கு வந்து உக்காந்து கேட்டுச்சு, சொன்னேன்."

அவன் வெளிநாடு போனது எப்போதோ ஆறிவிட்டது. என் அப்பாவோடு அவன் உட்கார்ந்திருந்த அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் இன்னும் எரிகின்றன.