பன்னிரண்டு ப்ராக்ஸியும் ஒரு பேண்டேஜ் டெண்டரும்

1. நாற்பத்தொன்றாவது பக்கம்

நாற்பத்தொன்றாவது பக்கத்தைத் திறந்தபோது திரை வெள்ளையாகிவிட்டது. நடுவில் இரண்டு வரி ஆங்கிலம் மட்டும். உங்கள் முகவரியிலிருந்து அளவுக்கு மேல் பக்கங்கள் கேட்டுவிட்டீர்கள், இன்றைக்கு இனிமேல் கிடையாது என்று அர்த்தம். கீழே புள்ளி வைத்து நான்கு எண்கள். என் முகவரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, அது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒரு நிமிஷம் திகைத்தது உண்மை. சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டர். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். சென்டர் முதலாளி சுப்பராஜா சார். நல்ல மனுஷன், ஆனால் பொறுமை கிடையாது. கோபம் வந்தால் தமிழ் நின்றுபோய்த் தெலுங்கு வந்துவிடும்.

அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். சத்திரப்பட்டியில் பதினாறு தறி வைத்து பேண்டேஜ் துணி நெய்பவர். வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டதால் பத்து தறி சும்மா நின்றன. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் டெண்டர்களை எல்லாம் இலவசமாகப் போடும் ஒரு தளம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, எங்களைத் தேடி வந்திருந்தார்.

"என்னம்மா ஜெபா, நின்னுபோச்சு?"

"இன்னைக்கு இம்புட்டுதானாம் பாய். நாளைக்கு வரச் சொல்லுதான்."

"நாளைக்கும் நாப்பதுதான் காட்டுவானா? மொத்தம் எம்புட்டு இருக்கு?"

"தினம் எரநூறு புதுசா வருது."

 அவர் எழுந்து போகும்போது, "இது கைகூடலைன்னா தைக்குள்ள பத்து தறிய வித்துருவேன்மா. வேற வழி இல்ல" என்றார்.  பத்து தறி என்றால் ஐந்தாறு குடும்பம்.

2. எண் மாறினால் ஆள் மாறியது

மறுநாள் நாற்பது பக்கம் முடிவதற்குள் போன் லைன் அறுந்துவிட்டது. திரும்ப மோடத்தைப் போட்டு மதுரைக்கு டயல் செய்தேன். பக்கங்கள் திறந்தன, நாற்பதைத் தாண்டி ஐம்பத்தைந்து வரை போயின. முந்தின நாள் நான் நோட்டில் குறித்த எண்ணையும், மறுபடி மறுத்தபோது திரையில் வந்த எண்ணையும் பார்த்தேன். வேறு வேறு.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறை டயல் செய்யும்போதும் மதுரையில் உள்ள கம்ப்யூட்டர் நமக்கு ஒரு புது எண் தருகிறது. அதுதான் ஐ.பி. முகவரி. தளத்துக்கு ஜெபாவையும் தெரியாது, காதர் பாயையும் தெரியாது. எந்த எண்ணிலிருந்து எத்தனை தடவை கேட்டார்கள் என்ற கணக்கு மட்டும்தான் அதனிடம் இருக்கிறது. எண் மாறினால் அதற்கு நான் புது ஆள்.

அவ்வளவுதானே என்று ஒரு வாரம் போனை வைப்பதும் டயல் செய்வதுமாக இருந்தேன். பாதி நேரம் லைன் எங்கேஜ்ட். கிடைத்தால் மோடம் 'கீய்ங்' என்று கத்தி முடிப்பதற்குள் உயிர் போய்விடும். டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் ஒருநாள் நேரில் வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு அறுவது தடவ மதுரைக்கு அடிக்கியே, அங்க யாருக்கு மாப்பிள்ளை பாக்க?"

சுப்பராஜா சார் உள்ளேயிருந்து, "எந்துக்கு? எந்துக்கு அறுவது?" என்று வந்தார். ஏன் அறுபது என்று சொன்னேன். அன்று சாயங்காலமே சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த தன் மச்சினனுக்கு மெயில் போடச் சொன்னார்.

பதிலில் பன்னிரண்டு முகவரிகள் வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் 8080 அல்லது 3128 என்று போர்ட் எண். ப்ராக்ஸி சர்வர்களாம். ப்ராக்ஸி என்றால் நடுவில் நிற்கும் இன்னொரு கம்ப்யூட்டர். நாம் அதனிடம் கேட்போம். அது தளத்திடம் வாங்கி நமக்குத் தரும். தளத்தின் கண்ணுக்கு அதன் எண்தான் தெரியும். பன்னிரண்டு ப்ராக்ஸி இருந்தால் போனை வைக்காமலே பன்னிரண்டு ஆள்.

விஷுவல் பேசிக்கில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். பன்னிரண்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையாக வைத்து, ஒன்றின் வழியாக இருபது பக்கம், பிறகு அடுத்தது, கடைசி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. செத்துப்போன ப்ராக்ஸியைத் தாண்டிப் போகும். இன்றைக்கு இதை ரொட்டேஷன் என்கிறார்கள். எனக்கு அப்போது பெயரெல்லாம் தெரியாது. முதலில் இடைவெளியே விடாமல் ஓடவிட்டேன். தளமே திணறி, ஒரு பக்கம் வர மூன்று நிமிஷம் ஆனது. சும்மா கொடுக்கிறவனைப் போட்டு இப்படிப் படுத்துகிறோமே என்று உறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் இருபது விநாடி நிற்க வைத்தேன். பொறுமையாகக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் இருநூறும் வந்துவிட்டன.

பன்னிரண்டில் ஒன்று மட்டும் மின்னல் மாதிரி வேகம். கேட்ட அடுத்த விநாடி பக்கம் வந்து விழும். எனக்கு ஒரே பெருமை. அதைப் பட்டியலில் முதல் இடத்தில் வைத்தேன்.

3. ஓடாத மீட்டர்

பத்தாம் நாள் கிடைத்தது. ஒரு நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மூன்று பிரிவாக பேண்டேஜ் துணி, சாம்பிளோடு அனுப்ப வேண்டும். காதர் பாய் பிரிண்ட் அவுட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அங்குலத்துக்கு எத்தனை இழை, அகலம் என்ன என்று நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அன்றே சாம்பிளுக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டார்.

இப்படி அறிவிப்புகளில் பின்னால் திருத்தம் வரும் என்று தளத்திலேயே போட்டிருந்தது. அதனால் தினமும் காலையில் ப்ரோக்ராம் முதல் வேலையாகப் பாயின் டெண்டர் பக்கத்தை எடுக்கும்படி செய்தேன். முக்கியமான பக்கம், முதலிடத்து ப்ராக்ஸி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேன். திருத்தம் எதுவும் வரவில்லை. தினம் ஒரு பிரிண்ட் எடுத்து பாயிடம் கொடுப்பேன். அவரும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

ஐந்தாறு நாள் கழித்து ஒருநாள் அவர் தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பினார்.

"ஏம்மா, அடியில ஒரு நம்பர் போட்டிருக்கே, அது என்னது?"

"அந்தப் பக்கத்த எத்தன பேரு பாத்தாகன்னு காட்டுற கவுண்டர் பாய்."

"அஞ்சு நாளா ஒரே நம்பரா இருக்கு பாத்தியா? தறியில மீட்டர் ஓடலைன்னா தறி நிக்கிதுன்னு அர்த்தம். இங்கிட்டும் அப்படித்தானோ?" என்று சிரித்தார். "சரி, வாரேன். சாம்பிள் வெளுக்கப் போகணும்."

அவர் போய்விட்டார்.  நான் தினம் ஒரு தடவை பார்க்கிறேன், என் கணக்குக்காவது ஐந்து ஏறியிருக்க வேண்டாமா? ப்ராக்ஸியை எடுத்துவிட்டு நேராகத் தளத்தைக் கேட்டேன். கவுண்டரில் எண்ணூறு கூடியிருந்தது. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் திருத்தம். அங்குலத்துக்குப் பதினேழு இழை என்றிருந்தது இருபதாக மாறியிருந்தது. திருத்தம் போட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. கடைசித் தேதி மாறவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான்.

அந்த மின்னல் ப்ராக்ஸியின் வேகத்துக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அது தளத்துக்குப் போகவே இல்லை. முதல் நாள் வாங்கிய பக்கத்தைத் தன்னிடம் நகலாக வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. புதுப் பக்கங்கள் அதனிடம் இருக்காது, அதனால் அவற்றைப் போய் வாங்கி வரும். பழைய பக்கத்தைத் திரும்பக் கேட்ட இடத்தில்தான் ஏமாந்தேன். அடி முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேகமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் வேகமாக இருக்கிறது என்று கேட்கவில்லை.

சுப்பராஜா சாரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தெலுங்கு ஓடியது. பிறகு குரலைத் தணித்தார்.

"பாயிட்ட இன்னைக்குத்தான் மாத்துனான்னு சொல்லிரு. அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான் சார்."

"பொறவு என்ன? சென்டர் பேரு கெட்டுப்போகும்மா."

நான் வேலையை விட்டு நிற்கும் நிலைமையில் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு சத்திரப்பட்டிக்குப் பஸ் ஏற என்னால் முடியவில்லை. "நான் உள்ளத சொல்லிருதேன் சார், நீங்க என்ன செஞ்சாலும் சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை.

4. இருபது இழை

பாய் தறிக்கூடத்து வாசலில் நின்றார். வெளுக்கக் கொடுப்பதற்காகச் சாம்பிள் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாய், அத கட்டாதீக. அளவு மாறிப்போச்சு. நாலு நாளைக்கு முன்னாலயே மாத்திட்டான். நான் பழைய பக்கத்தவே எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். என் தப்புதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எம்புட்டு நாள் இருக்கு?"

"ஒம்பது. கூரியர் போய்ச் சேர அஞ்சு."

"அப்ப நாலு நாள் இருக்குல்ல? என்னத்துக்கு அழுதுக்கிட்டு நிக்க? அளவ எழுதிக் குடு தாயி." உள்ளே திரும்பி, "ஏலே முருகேசா, அந்தப் பாவ எறக்கு. இருவது எழைக்கு ஏத்தணும்" என்று சத்தம் போட்டார்.

இரண்டு நாளில் நெய்துவிட்டார்கள். வெளுத்துக் கொண்டுவந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து நான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, துணியைப் போட்டு, மூன்று ஃபேனையும் ஓடவிட்டிருந்தார்கள். பாயின் சம்சாரம் அயர்ன் பெட்டியோடு ஒரு ஓரத்தில். நான் மடித்தேன், லேபிள் எழுதினேன், அன்று மறுபடி நேராக எடுத்த பக்கத்தோடு ஒவ்வொரு வரியையும் ஒத்துப் பார்த்தேன். திங்கள் காலை மதுரையிலிருந்து பார்சல் போனது.

ப்ரோக்ராமையும் திருத்தினேன். பட்டியல் தினமும் வேறு ப்ராக்ஸியில் தொடங்கும்படி செய்தேன். 'உன்னிடம் உள்ள நகல் வேண்டாம், போய்ப் புதிதாக வாங்கி வா' என்று ப்ராக்ஸிக்குச் சொல்ல ஒரு வரி இருக்கிறது, அதைச் சேர்த்தேன். அதையும் கேட்காத ப்ராக்ஸிகளைத் தூக்கிவிட்டேன். பன்னிரண்டில் ஏழுதான் மிஞ்சின. திருத்தம் பார்க்க வேண்டிய பக்கத்தை ப்ராக்ஸியே இல்லாமல் நேராகக் கேட்டேன். நாற்பது பக்கம் நமக்கென்று தளம் தந்திருக்கும்போது, முக்கியமான ஒன்றுக்கு எதற்கு இன்னொருவன் எண்?

இப்போது இதே வேலையைச் செய்ய என்னிடம் ஒரு டீமே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் முகவரிகள் தானாகச் சுழல்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகள் எத்தனை பக்கம் எடுத்தோம் என்று சந்தோஷமாக ரிப்போர்ட் கொண்டுவருவார்கள். எடுத்ததில் எத்தனை இன்றையது என்று கேட்பேன். தளத்துக்காரரிடம் அனுமதி கேட்டீர்களா, இடைவெளி விட்டீர்களா என்றும் கேட்பேன். முகவரியைச் சுழற்ற ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தப்பான தகவல் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் வாசலுக்குப் போய் நிற்கத்தான் நாள் பிடிக்கிறது.

அந்த டெண்டரின் முடிவு, பார்சல் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. மூன்று பிரிவில் ஒன்று பாய்க்கு. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் பாய் அல்லாவைக் கூப்பிட்டார். நானும் இந்தப் பக்கம் ஸ்தோத்திரம் சொன்னேன். பொங்கல் கழிந்து பதினாறு தறியும் ஓடின.

அடுத்த வாரம் சென்டருக்கு வந்தார். மூங்கில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறொரு நாட்டு டெண்டர் தேட வேண்டும் என்றார். சுப்பராஜா சாருக்கு வாயெல்லாம் பல். "புது ஆபரேட்டர் ஒருத்தன் எடுத்திருக்கேன் பாய், எம்.சி.ஏ. படிச்சவன். அவன் பாப்பான்" என்றார்.

"வேண்டாம்யா, ஜெபாவே பாக்கட்டும்."

"அந்தப் புள்ளதான போன தடவ தப்பு பண்ணுச்சு?"

"தப்பு எல்லாரும்தான் பண்ணுவாக. எம்.சி.ஏ. படிச்சவுகளும் பண்ணுவாக" என்றார் பாய். "பண்ணுனா பஸ்ஸேறி வந்து சொல்லுவாகளா?"