மூன்று வசன மதிப்புரை

சுவிஸ் நாட்டை அறிமுகப்படுத்தி ஒரு புத்தகம் வந்திருக்கிறது, வெளியீட்டு விழாவில் மதிப்புரை சொல்ல ஆள் வேண்டும் என்று வாசகர் வட்டத்து அன்புராசா தொலைபேசியில் கேட்டபோது அருள்நாயகம் மறுக்கத்தான் நினைத்தார். கனடாவில், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவருக்கும் மதிப்புரைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஸ்காபரோ வாசகர் வட்டத்தில் சுவிசில் இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் பதினொரு மாதம்.

“ஆர் எழுதினது?”

“தில்லையம்பலம் எண்டு ஒருத்தர். முந்தி அங்கை அகதி விசாரணையளிலை மொழிபெயர்ப்பாளரா இருந்தவராம், அருளண்ணை.”

அருள்நாயகம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பேசுவதாகச் சொன்னார். விழா முடிந்ததும் ஆசிரியரைப் பிக்கரிங்கில் அவர் தங்கியிருக்கும் வீட்டில் கொண்டுபோய் விடும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெயரை அவர் முப்பத்தைந்து வருடமாக மனதில் வைத்திருந்தார்.

1989இல் சுவிசில் ஒரு சிறிய அறை. மேசைக்கு அந்தப்பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண், இடையில் கோட் போட்ட தில்லையம்பலம். இருபத்தாறு வயது அருள்நாயகம் தம்பியைப் பற்றிச் சொன்னார். மயிலிட்டியிலிருந்து இந்தியக் கரைக்குப் போன படகு, ரோந்துப் படகின் வெளிச்சம், சூடு, கவிழ்ந்த படகின் விளிம்பை ஒரு கையாலும் தம்பி குகதாசனை மறு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தது, தம்பி தண்ணீர் கேட்டது, கடலுக்குள் கிடந்துகொண்டு தண்ணீர் கேட்டது, எந்த நேரத்தில் அவன் பாரமாகிப்போனான் என்பது, விடிந்தபிறகு கையை விட்டது. சொல்லி முடிக்க, சுவர்க் கடிகாரத்தின்படி, ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் ஆனது. இடையிடையே தில்லையம்பலம் அதிகாரிக்கு ஏதோ சொன்னார். முடிவில் எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்பது முறை. “எல்லாம் இருக்கு தம்பி, அடுத்த ஆள் வெளியிலை நிக்குது, சைன் வையும்,” என்றார். அருள்நாயகம் வைத்தார்.

ஏழு மாதத்தில் நிராகரிப்பு வந்தது. விபரம் போதாது என்று இருந்தது. முகாமில் ஜேர்மன் படித்திருந்த ஒரு பெடியன் விசாரணைப் பதிவை வாசித்துச் சொன்னான். அவர் சொன்னது மூன்று வசனமாக இருந்தது. விண்ணப்பதாரர் மீனவர். அவருடைய சகோதரர் ஒரு சம்பவத்தில் இறந்தார். நாட்டில் இருக்கப் பயம் என்கிறார்.

கடல் இல்லை. தம்பியின் பெயர்கூட இல்லை.

பிறகு கனடா. இங்கே விசாரித்தவர்கள் அந்த இரவைக் கேட்கவேயில்லை, வேறு காரணங்களை வைத்தே ஏற்றுக்கொண்டார்கள். கல்யாணம், பிள்ளைகள், பத்தாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ட். மனைவி தவமணிக்கும் அந்தக் கதை துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுவதையும் அவர் சொன்னது ஒரேயொரு தடவை. கேட்டது ஒரேயொரு தமிழன்.

புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மதிய இடைவேளைகளில் வாசித்தார். ‘சுவிஸ் நாட்டுக்குக் கடல் கிடையாது’ என்று தொடங்கியது. சுற்றிவர ஐந்து நாடுகள், உள்ளே இருபத்தாறு மாநிலங்கள், நான்கு தேசிய மொழிகள், ஏழு பேர் சமமாக இருந்து நடத்தும் அரசு, வருடத்தில் பல தடவை வாக்களிக்கும் மக்கள். மலைக்குள் குடைந்த ரயில் பாதைகளைப் பற்றி எழுதியிருந்த அத்தியாயம் நன்றாகவே இருந்தது. அது நன்றாக இருந்தது அவருக்கு எரிச்சலைத் தந்தது. பொறுமையாக எழுதத் தெரிந்த ஆள்தான். நூற்று எண்பதாம் பக்கத்தில், விசாரணைகளில் ஒவ்வொருவர் கதையும் முழுமையாகக் கேட்டுப் பதியப்பட்டது என்றிருந்தது. சிவப்புப் பேனையால் கோடு போட்டார். கடதாசி கிழிந்தது.

முதலில் ஒன்பது நிமிடப் பேச்சு எழுதினார். இவர்தான், இப்படித்தான் செய்தார் என்று. வாசித்துப் பார்த்தபோது குரல் அழுகிறவனின் குரலாக வந்தது. அழுது காட்டவா போகிறேன்? கையெழுத்து வைத்ததும் நான்தானே? வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாமே? இந்தக் கேள்விகளோடு இரண்டு கிழமை பலகைப் பெட்டிகளை ஏற்றி இறக்கினார். ஒரு நாள் ஃபோர்க்லிஃப்றை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். ஒன்பது நிமிடம் எதற்கு என்று தோன்றியது.

ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் எண்பது பேர் இருந்தார்கள். விளக்கேற்றல், வாழ்த்துரை, முதற்பிரதி எல்லாம் முடிந்தது. பொன்னாடைக்குள் தில்லையம்பலம் மெலிந்து வெள்ளைத் தலையோடு இருந்தார். பத்து வருட உழைப்பு என்று அன்புராசா சொல்லி, மதிப்புரைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாக அறிவித்தார். ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து சிறு கொப்பி ஒன்றை எடுத்துப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அருள்நாயகம் ஒலிவாங்கியைச் சரிசெய்தார்.

“சுவிசுக்குக் கடல் இல்லை. மலை இருக்கு. எழுதினவர் அங்கை சுகமா இருக்கிறார்.”

இறங்கிவந்து தன் கதிரையில் உட்கார்ந்தார். பகிடி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். மிச்சம் எப்போது வரும் என்று மற்றவர்கள் மேடையைப் பார்த்தார்கள். தில்லையம்பலம் பேனையைப் பிடித்தபடியே இருந்தார். ஏற்புரையில் அவருக்குச் சொல் தடுமாறியது. அருள்நாயகம் அதை ஒரு சொட்டும் விடாமல் பார்த்தார். இனித்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, ஏனென்றால் அந்த முகத்தில் அவமானம் இருந்ததே தவிர, இவரை அடையாளம் கண்ட குறி இல்லை.

காரில் ஏறிப் பட்டியைப் போட்டதும் தில்லையம்பலம்தான் தொடங்கினார்.

“நான் உங்களுக்கு என்ன பிழை விட்டனான்?”

“எண்பத்தொன்பது. மயிலிட்டிப் பெடியன். தம்பி கடலிலை செத்தது.”

தில்லையம்பலம் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

“ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு ஐஞ்சு பேர் வருவினம். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுவினம். அதிகாரியும் சுருக்கிச் சொல்லு எண்டுதான் நிப்பான்.”

“உங்களுக்கு அது ஐஞ்சிலை ஒண்டு, அண்ணை.”

வண்டி 401 நெடுஞ்சாலையில் ஏறியது. அருள்நாயகம் தொடங்கினார். படகின் நிறத்திலிருந்து, தம்பி போட்டிருந்த சேட்டிலிருந்து. பிக்கரிங் எக்சிற் வந்தது.

“உதிலை இறங்கவேணும்,” என்றார் தில்லையம்பலம்.

“தெரியும்.”

ஏஜக்ஸ் போனது, ஒஷாவா போனது. தில்லையம்பலம் கைபேசியை எடுத்தார். பிறகு மடியில் வைத்துவிட்டார். விடிந்து கையை விட்ட இடத்துக்கு வந்தபோது வண்டி கோபர்க்கைத் தாண்டியிருந்தது, வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அருள்நாயகம் டாஷ்போர்டைப் பார்த்தார். இந்த முறை ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். இருபது நிமிடத்தை அவரே மறந்துவிட்டாரா? அதையும் பக்கத்திலிருந்தவரின் பாவத்தில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த எக்சிற்றில் இறங்கி, மேற்குப் பக்கமாகத் திரும்பி ஏறினார்.

“இப்ப நீங்கள் சொல்லுங்கோ,” என்றார். “ஜேர்மனிலை. முழுக்க.”

“இஞ்சை ஆருக்கு?”

“எனக்கு.”

“உங்களுக்கு விளங்காதே.”

“அண்டைக்கும் விளங்கேல்லைத்தானே.”

தில்லையம்பலம் பொன்னாடையை மடித்துக் காலடியில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, விசாரணை அறைக் குரலில் தொடங்கினார். சுருக்கத் தொடங்குகிறார் என்று தோன்றிய இடத்தில் அருள்நாயகம் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. தில்லையம்பலம் பின்னுக்குப் போய், விடுபட்டதைச் சேர்த்தார்.

ஒன்றும் விளங்கவில்லை. தம்பியின் பெயர் மட்டும் விளங்கியது. அருள்நாயகம் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது தடவை. பத்து. எழுதிக்கொள்ள அதிகாரி இல்லை, தட்டச்சு செய்ய ஆளில்லை. இதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அந்த வாய் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறுபடியும் பிக்கரிங் பலகை வந்தது. தில்லையம்பலம் அதைப் பார்த்தார். அவர் சொல்லிக்கொண்டிருந்த கதையில் படகு இன்னும் கவிழ்ந்துதான் கிடந்தது, விடியவில்லை. அவர் எக்சிற்றைக் காட்டவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. அருள்நாயகம் நேரே ஓட்டினார்.