இரும்புக் கைப்பிடி

என் அச்சகத்து முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. பழைய சிலிண்டர் மெஷினுடையது. முன்னே தள்ளினால் மெஷின் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்றைக்குத் தென்காசியில் மூன்று மாடி அச்சகம் என்னுடையது. ஈய எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே கடகடவென்று வாசிப்பேன், எம்.ஏ. படித்தவனுக்கு அது வராது. வருகிறவர்களிடம் கைப்பிடியைக் காட்டி, "நாலு பேரு வந்து மறிச்சானுவ, நான் மெஷின நிறுத்தலையே!" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

அந்த மெஷினில்தான் அப்போது எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஒன்று அச்சாகும். அதன் ஆசிரியர் தனி ஆள். எழுதுவதும் பிழை திருத்துவதும் செங்கோட்டை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றுவதும் அவரேதான். யாரைப் பற்றிக் குற்றம் எழுதினாலும், அச்சேறும் முன்னால் அந்தப் பக்கத்தின் புரூஃபை, அதாவது பிழை பார்க்க எடுக்கும் முதல் தாளை, அந்த ஆளுக்கே அனுப்பிவிடுவார். "மறுப்பு இருந்தா பக்கத்துலயே போடுவோம் அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால எழுதப்பிடாது" என்பார். பைத்தியக்காரத்தனம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அவர் நகராட்சித் தேர்தலில் நின்றார். ஓட்டுக்கு நாலே நாள். அவர் தெருவே அவருடைய மனைவியின் தம்பி சொல்கிற பக்கம் சாயும். அந்த மச்சினருக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். அதன் கழிவுக் குழாய் அருவிக்குக் கீழே ஆற்றில் விழுவதை ஆசிரியரே போய்ப் பார்த்து எழுதிவிட்டார். காலையில் வழக்கம்போல் புரூஃப் போனது. மத்தியானம் மெஷின் ஓட ஆரம்பித்த நேரத்தில், மச்சினர் நாலு ஆட்களோடு வந்து நின்றார்.

"என்னத்தான், நம்ம வீட்டு மேலயே கல்லெறியுதீய? அக்கா மொகத்துக்காவது பாக்காண்டாமா?"

"குழாய் இல்லன்னு எழுதிக் குடு மாப்ள, அதையும் போடுதேன்."

"இருக்கத இல்லன்னு எப்படி எழுத?"

"அதத்தானே நானும் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆள் ஷட்டரைப் பாதி இறக்கினான். மச்சினர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நம்ம லாட்ஜ் பில் புக்கு, கட்சி நோட்டீசு எல்லாம் இங்கனதான அடிக்கோம்?"

அவ்வளவுதான் சொன்னார். என் கை கைப்பிடியைப் பின்னே இழுத்துவிட்டது. மெஷின் நின்றது.

ஆசிரியர் எழுந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் தள்ளிக்கிடும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை முன்னே தள்ளினார். வந்து விழுந்த தாளை எடுத்து மச்சினரிடம் நீட்டினார். "மை காயல, பாத்துப் பிடி. சாப்பிட வந்துருதேன்னு அக்காகிட்ட சொல்லு." மச்சினர் அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, ஆட்களோடு வெளியேறினார்.

தேர்தலில் ஆசிரியர் தோற்றார். சொந்தத் தெருவே கைவிட்டது. அடுத்த குற்றால சீசனுக்குள் லாட்ஜ் குழாயின் வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். நான் இந்தக் கதையை என் கதையாக்கிக்கொண்டேன். அவர் காதுக்கும் அது போயிருக்கும். ஒரு நாளும் கேட்கவில்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். துக்க வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு மெஷின நிறுத்தாதது நீங்கதான மாமா? அப்பாகிட்ட கேட்டா, ஆமா அண்ணாச்சிதான்னு சொல்லுவாங்க." கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதி என் மெஷினிலேயே அடிக்கிறேன். குற்றம் யார் மேலோ, முதல் புரூஃப் அவருக்கு என்பது ஆசிரியர் வழக்கம்; இது எனக்கு வந்த புரூஃப். கண்ணாடிப் பெட்டியின் மேல் அந்தத் தாள் கிடக்கிறது. காலையிலிருந்து நாலு தடவை வாசித்துவிட்டேன். மறுப்பு எழுத ஒன்றுமில்லை.